காம்போதியில் ஓர் உடைப்பு

அத்தியாயம் ஒன்பது

பிற்காலத்தில் காத்தாயி இயற்றிய கீர்த்தனைகளைச் சபாக்களில் பாடத் தொடங்கியபோது அறிஞர்களுக்கு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வரி ஓரிடத்தில் திடீரென்று ஒரு தாவு தாவும். தாவிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும் நடுவே, யாரும் எதிர்பாராத சின்னச் சங்கதி ஒன்று மூங்கில் பாலம் போலக் கிடக்கும். இது மேல்நாட்டு இசையின் தாக்கம் என்றார் ஒருவர். பழந்தமிழ்ப் பண்ணின் எச்சம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இருவரையும் மறுத்து ஒரு நூல் எழுதினார். அதை அவரே வெளியிட்டு, அவரே வாசிக்கவும் செய்தார்.

மூவரும் மணலூர்க்கட்டளைக்கு பஸ் ஏறி, மைக் செட் ஜெக்கரியாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜெக்கரியா அதிராம்பட்டினத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் கடை போட்டவர். அவரிடம் சினிமாப் பாட்டுத் தட்டுகள் நிறைய உண்டு. கச்சேரித் தட்டு ஒன்றே ஒன்றுதான்: ஆலங்கரை பஞ்சாபகேச பாகவதர் பாடிய காம்போதிக் கீர்த்தனை. எந்தக் கல்யாணமானாலும் அதில்தான் தொடங்குவார். அறுபத்தேழில் ஆட்சி மாறிய அன்று பெரிய பண்ணை வீட்டு நிச்சயதார்த்தத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிச் செய்தியோடு ஓடிவந்த இளைஞர் ஒருவர், "நிறுத்துங்கய்யா அத, கட்சிப் பாட்டப் போடுங்க!" என்றார். சொன்னதோடு நில்லாமல் தானே முள்ளைப் பிடித்து இழுத்தார். நாட்டில் நடந்த மாற்றம் மணலூர்க்கட்டளையில் முதன்முதலாக அந்தத் தட்டின் மேல் ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

அன்றுமுதல் அந்த இடம் வந்ததும் முள் ஒரு குதி குதித்து அப்பால் போய் விழும்.

பண்ணை வீட்டுக் கல்யாணங்களில் ஓர் ஒலிபெருக்கிக் குழாயை எப்போதும் தெற்குத் தெருவைப் பார்த்துக் கட்டுவார்கள். வயல் வேலை செய்பவர்களின் தெரு அது. அவர்களுக்குக் கல்யாணத்துக்கு அழைப்பு கிடையாது. பாட்டுக்கு மட்டும் உண்டு. ஆறு வயதிலிருந்து காத்தாயி அந்தக் கீர்த்தனையைக் கேட்டாள், பாடினாள். கோடு விழுந்த இடம் உட்பட.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆண்டு 1970, புரட்டாசி மாதம். குறுவை முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. அறுக்க ஓர் ஆள் இறங்கவில்லை. கூலி உயர்வு கேட்டுப் போராட்டம். காத்தாயியின் அப்பா மருதையன்தான் சங்கத்தின் கிளைச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் ரிசர்வ் போலீஸ் தங்கியிருந்ததால் பிள்ளைகளும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். அரசாங்கம் தங்கள் பக்கம்தான் என்று பண்ணையும் நம்பியது, சங்கமும் நம்பியது. இரண்டு பக்கமும் தானே இருப்பதாக அரசாங்கமும் நம்பியது.

போன வார அத்தியாயத்தில் மருதையன் வீட்டில் ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் அது விடிந்தும் ஓயவில்லை.

"மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி, வைக்கப்போருகிட்ட நிக்க வச்சுப் பாட விட்டா என்னய்யா கொறஞ்சுபோவுது? வீட்டுக்குள்ளயா போறோம்?" என்றாள் காத்தாயியின் அம்மா அம்சம்.

"வைக்கப்போரு யாரு எல்லையில இருக்கு?"

"வைக்கல நாமதானே போட்டோம்."

"போட்டது நாம. எல்லை அவங்களுது. அதுக்குத்தானடி போராட்டமே."

விஷயம் இதுதான். நவராத்திரி எட்டாம் நாளான இன்று பண்ணை வீட்டுக் கொலுவில் பாடப் பஞ்சாபகேச பாகவதரே வந்திருந்தார். தட்டில் இருப்பவர் ஆளாக வந்து இறங்கிவிட்டார். நாளைக் காலையில் தஞ்சாவூருக்குத் திரும்பிவிடுவார். அவர் காதில் காத்தாயியின் குரல் ஒரு தடவை விழுந்துவிட வேண்டும் என்பது அம்சத்தின் தவம். அடுத்த வருஷம் மகள் களை பறிக்க வயலில் இறங்கிவிடுவாள். அப்படி இறங்கியவர்கள் யாரும் மறுபடி கரையேறியதாக அந்தத் தெருவில் கதை இல்லை.

ஆனால் சங்கத்தின் தீர்மானம் குறுக்கே நின்றது. போராட்டம் முடியும்வரை சங்கத்துக்காரர்களோ அவர்கள் குடும்பத்தாரோ பண்ணை வீட்டு எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. முன்மொழிந்தவர் மருதையன். வழிமொழிய வேண்டியவர் வெற்றிலை துப்பப் போயிருந்ததால் அதையும் மருதையனே செய்தார்.

"கையத் தூக்குனியே, அப்ப பெத்த மகள நெனச்சுப் பாத்தியா?"

"ரெண்டு கையையும்ல தூக்கியிருந்தேன். நெனப்பு எங்கேருந்து வரும்?"

"நீ சிரிக்க வச்சா நான் விட்டுருவேன்னு பாக்கறியா?"

மருதையன் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. அவர் முகம் அப்படி இல்லை. "அம்சம், செயலாளர் பொண்டாட்டியே உள்ள போனா நாளைக்கு எவன் வெளிய நிப்பான்? நீயே சொல்லு."

அவர் சொல்வது சரி என்பதுதான் அம்சத்துக்கு ஆத்திரம்.

பழைய சோற்றில் கையை வைத்துக்கொண்டு, சண்டையில் யார் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்த காத்தாயிக்கு வேறு கவலை.

"அப்பா, பிளேட்டுல பாடறவருதானே வந்துருக்காரு?"

"ஆமா, அவருதான்."

"நெசமாப் பாடறப்பவும் அந்த எடத்துல குதிப்பாரா?"

மருதையனும் அம்சமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக.

"குதிக்கலன்னா அங்க என்ன இருக்கும்?" என்றாள் காத்தாயி. "அத மட்டும் கேட்டுட்டு வந்துடறேனே."

"சாயங்காலம் நம்ம கூட்டத்துல நீ கொடிப் பாட்டு பாடணும். அத யோசி," என்று சொல்லி மருதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பதில் தெரியாத கேள்விகளிலிருந்து அவர் எப்போதும் அப்படித்தான் கிளம்புவார்.

பண்ணை வீட்டுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதன் மதகை ஒட்டி ஓர் இலுப்பை மரம். மரத்தடியில் ஜெக்கரியாவின் மாட்டுவண்டி நின்றது. வண்டியில் மைக் செட். வண்டிக்கு இந்தப் பக்கம் மருதையன், அந்தப் பக்கம் பண்ணைக் காரியஸ்தர் இராஜாங்கம், நடுவில் ஜெக்கரியா.

'இல்லை' என்று சொல்ல ஜெக்கரியாவுக்கு வராது. அதனால் இன்று சாயங்காலத்துக்குச் சங்கத்துக்கும் சரி என்றிருந்தார், பண்ணைக்கும் சரி என்றிருந்தார்.

இராஜாங்கத்துக்கு வேறொரு சிக்கல். ஆட்சி மாறியதிலிருந்து அவர் மருதையனை 'டா' போடுவதை நிறுத்தியிருந்தார். 'ங்க' இன்னும் வாயில் நுழையவில்லை. அதனால் மருதையனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வண்டி மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"கொலுவுல பெரிய வித்துவான் பாடறாரு. மைக் அங்கதான் போவணும்."

"நாங்க முந்தி சொல்லியாச்சு," என்றார் மருதையன்.

"ரெண்டு பேரும் நம்ம மக்கதான்," என்றார் ஜெக்கரியா. "மிசின் இங்கயே, நடுவுலயே இருக்கட்டும். அங்க ஒரு மைக் ஒரு கொழாய், இங்க ஒரு மைக் ஒரு கொழாய். ஏழு மணி வரைக்கும் சங்கம். அதுக்கு மேல கச்சேரி. போலீசு குடுத்த பர்மிஷனும் ஏழு மணி வரைக்குந்தானே?"

"ஒரே மிசின்ல ரெண்டு கட்சியா?" என்றார் மருதையன்.

"மிசினுக்கு ஏதுங்க கட்சி? பேட்டரி இருந்தாப் பாடும்."

"அவங்க கோஷம் எங்க கொலுவுல கேக்கப்படாது," என்று இராஜாங்கம் மாட்டிடம் சொன்னார்.

"அவங்க கச்சேரி எங்களுக்கும் வேணாம்," என்றார் மருதையன். மாடு தலையை ஆட்டியது.

"ஏழு வரைக்கும் பண்ணைக் கொழாய் ஒயரக் கழட்டி வைக்கறேன். ஏழுக்கு மேல சங்கத்து ஒயரக் கழட்டறேன். போதுமா?"

போதும் என்றார்கள். போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட முதல் உடன்பாடு இது. தாசில்தார் அங்கே இருந்திருந்தால் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

இருவரும் போன பிறகு, வாய்க்காலில் குடத்தை அமுக்கிக்கொண்டிருந்த அம்சம் கரையேறி வந்தாள். கூட வந்த காத்தாயி, கீழே கிடந்த குழாய்க்குள் தலையை விட்டு ஏதோ முனகி, தன் குரல் பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், அந்தப் பண்ணைக் கொழாய் ஒயரு. அதக் கழட்டாம விட்டா என்ன ஆவும்?"

"இங்க பேசறது அங்கயும் கேக்கும்."

"கேட்டா?"

"கேட்டா இந்த ஊர்ல எனக்குத் தொழில் கெடையாது தங்கச்சி."

அம்சம் குடத்தை இடுப்பு மாற்றினாள். "எம் மவ ஒரு பாட்டு பாடற நேரம் மட்டும்."

"என்ன பாட்டு?"

"ஒங்க பிளேட்டுப் பாட்டு."

"எது, குதிக்கறதா?"

"அதேதான்."

ஜெக்கரியா பெட்டியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். எவ்வளவு துடைத்தாலும் போகாத கோட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"என் கண்ணு முன்னாடி விழுந்தது இது. அந்தப் பாட்டப் பாடுன மனுசர்கிட்ட நான் எப்படி மொகத்தக் காட்டுவேன்னு காலையிலேந்து ஒளிஞ்சுட்டு இருக்கேன். நீ என்னடான்னா அதயே அவர் காதுல ஊத்தச் சொல்ற."

"அப்ப வேணாமா?"

"வேணாம்னு எப்ப சொன்னேன்?" என்றார், இல்லை என்று சொல்லத் தெரியாத ஜெக்கரியா. "நான் எதையும் மறக்கற ஆளில்ல. ஆனா வயசாகுது பாரு. ஒரு ஒயரு ரெண்டு ஒயரு மறந்துபோகலாம்."

மாலையில் மதகுத் திடலில் கூட்டம் சேர்ந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றியாயிற்று. போலீஸ்காரர்கள் நாலைந்து பேர் தள்ளி நின்று, கேட்பதுபோலும் கேட்காததுபோலும் இருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் ஏற்றி விட்டபிறகுதான் காத்தாயிக்கு மைக் எட்டியது.

"முதலாவதாகத் தோழர் காத்தாயி கொடிப் பாட்டு பாடுவார்," என்று மருதையன் அறிவித்தார்.

தோழர் காத்தாயி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காம்போதியைத் தொடங்கினாள்.

"ஏய், கொடிப் பாட்டும்மா," என்று மருதையன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அது மைக்கில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டது. காத்தாயிக்கு மட்டும் கேட்கவில்லை.

அவள் குரல் மெல்லியதல்ல. நாற்றங்காலுக்கு அந்தக் கரையில் இருப்பவரைக் கூப்பிடும் குரல். அதில் காம்போதி ஏறியபோது, வெயிலில் காய்ந்த நெல்லில் கைவிட்டு அளைந்தமாதிரி ஒரு சூடு இருந்தது. கூட்டத்தில் எல்லாருக்கும் பாட்டு தெரியும். உள்ளே போகாத எத்தனையோ கல்யாணங்களின் பாட்டு. அதனால் முள் குதிக்கும் இடம் நெருங்கியபோது எல்லாரும் தயாரானார்கள். இடம் வந்தது. தெற்குத் தெரு மொத்தமும் பழக்கத்தில் தலையை ஒரு வெட்டு வெட்டியது.

காத்தாயியின் தலை மட்டும் வெட்டவில்லை. குதித்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவே சின்னதாக ஏதோ ஒன்றைச் செருகிவிட்டு, நேராக அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் மருதையன் காதைத் தீட்டினார். "சத்தம் ரெண்டாக் கேக்குதே?"

"கேக்கட்டுமே," என்றாள் அம்சம், எங்கோ பார்த்துக்கொண்டு.

"பண்ணை வீட்டுலல்ல கேக்குது! அம்சம், என்ன பண்ணி வச்சிருக்க?"

"தீர்மானத்துல காலுதானே வைக்கக் கூடாது?"

மருதையன் வாயைத் திறந்தார். தீர்மானத்தை மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "கொரலப் பத்தி ஒண்ணும் இல்லதான்," என்று செயலாளராகவே ஒப்புக்கொண்டார்.

பண்ணை வீட்டுக் கூடத்தில் பாகவதர் பனங்கற்கண்டு போட்ட பாலைக் கையில் வைத்திருந்தார். கொலுவுக்கு மேலே கட்டியிருந்த குழாய் திடீரென்று அவருடைய பாட்டையே பாடத் தொடங்கியதும் முதலில் அவருக்குப் பெருமைதான் வந்தது. பிறகுதான் அது தன் குரல் இல்லை என்று தெரிந்தது. இராஜாங்கம் ஒயரைப் பிடுங்க முக்காலியில் ஏறினார்.

"தொடாதேயும்!"

பாகவதரின் இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தபோது வரி அறுந்ததைக் காது கேட்டது. அப்படியானால் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தாளம் அட்சரம் பிசகாமல் போய்க்கொண்டே இருந்தது. பாகவதர் பால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரோ என் தட்டைக் கிழிச்சிருக்கா," என்றார். "வேற யாரோ அதுக்கு ஒட்டுப் போட்டிருக்கா. யார் அந்தக் கொழந்தை?"

"அது நம்ம ஆளுங்க இல்லைங்க. சங்கத்துக் கூட்டம். நீங்க அந்தப் பக்கம் போகப்படாது. போராட்டம் நடக்குது."

"நான் அறுக்கவா போறேன்? கேக்கப் போறேன்," என்று சொல்லி அங்கவஸ்திரத்தைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பண்ணை வீட்டு விருந்தாளி, இராஜாங்கம் டார்ச் அடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, மதகைத் தாண்டிச் சிவப்புக் கொடிக்குக் கீழே வந்து நின்றார். கூட்டம் தானாக விலகியது. கோஷம் போடுவதா வேண்டாமா என்று எல்லாரும் மருதையனைப் பார்த்தார்கள். மருதையன் அம்சத்தைப் பார்த்தார். போலீஸ்காரர்களில் ஒருவர் சலாம் வைத்துவிட்டார். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

பாகவதர் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். "கொழந்தே, இங்க வா. ஒம் பேரென்ன?"

காத்தாயி பெட்டியிலிருந்து இறங்கி வந்தாள், கையிலிருந்த மைக்கை விடாமல். பெயர் சொன்னாள்.

"சரணத்துல ஒரு எடத்துல என்னமோ பண்ணினியே. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. பிளேட்டுல அங்க ஒடப்பு."

"ஒடப்பா?"

"வரப்புல ஒடப்பு இருந்தா தண்ணி ஓடிரும்ல? அதான் அடைச்சேன்."

"எத வச்சு அடைச்சே?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவரைப் பார்த்தாள் காத்தாயி. "பக்கத்துல கெடக்கற மண்ணத்தான் வெட்டிப் போடுவாங்க. அந்தப் பாட்டுலயே முன்னாடி வர்ற எடத்துலேந்து கொஞ்சம், பின்னாடி வர்றதுலேந்து கொஞ்சம்."

பாகவதர் அதே கீர்த்தனையிலிருந்து வேறொரு வரியை எடுத்துப் பாடினார். பாதியில் நிறுத்திவிட்டு, கையால் தாளத்தை மட்டும் போட்டார். காத்தாயி அந்த இடைவெளியை நிரப்பி அடுத்த வரியில் அவரிடம் ஒப்படைத்தாள். மறுபடி அதே வரி, அதே இடம். "இப்ப வேற மண்ணு," என்றார். இரண்டாவது முறை அவள் போட்டது முதலாவதைப்போல இல்லை; ஆனால் அதுவும் கரை நின்றது. மூன்றாவது முறை அவர் எங்கே நிறுத்துவார் என்று அவரே முடிவு செய்வதற்குள் அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கூட்டத்துக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. யாரோ ஜெயிக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் காத்தாயி. "நெசத்துல அங்க என்ன இருக்கு?"

பாகவதர் அந்தத் துண்டைப் பாடிக் காட்டினார். மூன்று வருஷமாக முள் தாண்டிப்போன அந்தத் துண்டு. ஜெக்கரியா கண்ணை மூடிக்கொண்டார்.

காத்தாயி உதட்டைப் பிதுக்கினாள். "இதானா? நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்."

"கொழந்தே, எனக்கும் இன்னிக்குத்தான் அது அப்படித் தோண்றது," என்றார் பாகவதர். சிரிக்காமல் சொன்னார். பிறகு எழுந்து, மருதையனைத் தேடிப் பார்த்து, ஊருக்கே சொல்வதுபோல் சொன்னார்: "இவ பாடறவ மட்டும் இல்லேய்யா. பாட்டு கட்டறவ. எங்கூட அனுப்பும். எங்காத்துலயே இருந்து கத்துக்கட்டும். என் பொறுப்பு."

கைதட்டல் எழுந்தது. ஒருவர் ஆவேசத்தில் "வாழ்க!" என்று தொடங்கி, யார் வாழ்க என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். மருதையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்துக்கொள்ளலாம். ஏழு மணி எப்போதோ கடந்துவிட்டிருந்தது. ஜெக்கரியாவுக்கு அதுவும் மறந்துபோயிற்று.

அம்சம் முன்னால் வந்தாள். காலையிலிருந்து இதற்காகவே ஓடியவள். மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா, தாராளமாக் கேளு."

"ஒங்க வீட்டுக்கு இவ எந்தப் பக்கமா வருவா? வாசப் பக்கமா, கொல்லப் பக்கமா?"

பாகவதர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வாய்க்காலுக்கு அந்தக் கரையிலிருந்து, கொலுப் பொம்மைகளுக்கு மேலே கட்டியிருந்த குழாய் வழியாக, அதே கேள்வி அதே குரலில் ஊர் முழுக்க ஒலித்து அடங்கியது: கொல்லப் பக்கமா?

இராஜாங்கத்தின் டார்ச் எரிந்தபடி தரையைப் பார்த்தது. ஜெக்கரியாவின் கை சுவிட்சுக்குப் போனது. அம்சம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கை அங்கேயே நின்றது.

காத்தாயி அண்ணாந்து பாகவதரைப் பார்த்தாள். அவருக்கும் அவளுடைய அம்மாவுக்கும் நடுவே இப்போது பெரியதொரு இடைவெளி திறந்து கிடந்தது. இடைவெளியைக் கண்டால் அடைக்காமல் இருக்க முடியாதவள் அவள். ஆனாலும் இது தான் அடைக்க வேண்டியது இல்லை என்று அந்த ஒன்பது வயதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கையிலிருந்த மைக்கை எம்பி உயர்த்தி, அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.